ஒர்தான்ஸ் இருமமாட்டாள்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வந்து, எழுத்தில் நிதானம் இல்லையே என்று யாரும் கேட்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் பர்பாங்கில் என் வீட்டில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே தொலைக்காட்சியில் பழைய படம் ஒன்று பார்த்தேன். கறுப்பு வெள்ளை. 1938இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல் ஒன்றைத் தழுவியது. நாவலின் பெயரையும் படத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஸ்டுடியோவே அந்தப் பெயரைப் பலமுறை மாற்றியது, நான் மட்டும் ஏன் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்?

நாவலை நான் முன்பே படித்திருந்தேன். ஒர்தான்ஸ் என்று ஒருத்தி. ரூவான் நகரத்துப் பத்திர எழுத்தர் ஒருவரின் மனைவி. கணவனைப் பிடிக்காமல் ஒரு குதிரைப்படை அதிகாரியோடு போய்விடுகிறாள். அந்த மகானுபாவர் பனிக்காலம் வருவதற்குள் கம்பி நீட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு ஒர்தான்ஸ் கையுறைக் கடை வைக்கிறாள். கடைசிப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து வெங்காய சூப் குடிக்கிறாள், பரிமாறுகிறவளிடம் இன்னும் கொஞ்சம் ரொட்டி கேட்கிறாள். அத்தோடு நாவல் முடிகிறது. அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, சாகவும் இல்லை.

படத்தில் செத்துப்போகிறாள். காசநோய். வெள்ளைப் படுக்கை, மெழுகுவத்தி, தலைமாட்டில் பெரிய மனதோடு மன்னிக்கும் கணவன். மடித்துக்கொண்டிருந்த துண்டைத் தூக்கி எறிந்தேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சாவுக்காக அல்ல, இருமலுக்காக. முப்பது வருடமாக இந்த ஊரில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்கிறேன். திரையில் வாய் அசைவதும் காதில் சத்தம் விழுவதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் படத்தில் ஒர்தான்ஸ் அடிக்கடி இருமுகிறாள், இருமும்போதெல்லாம் அவள் வாய் மூடியிருக்கிறது. ஓரிடத்தில் முதுகைக் காட்டி நிற்கிறாள், தோள்கூடக் குலுங்கவில்லை. மூச்சிரைக்க வேண்டிய காட்சியில் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிறாள். நோயெல்லாம் சத்தத்தில்தான் இருக்கிறது, ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். அந்த நடிகை இரும மறுத்திருக்கிறாள்.

ஏன் மறுத்தாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. இனி வருவதெல்லாம் என் கற்பனை, அவள் பெயர் உட்பட.

2

தொடக்கம் ஒன்று: "வெள்ளித்திரையின் தாரகையாக மின்னிய லெனோர் வேட், கண்ணாடி முன் அமர்ந்து தன்"

வேண்டாம். கண்ணாடி முன் உட்காரும் நடிகையைப் பற்றி இனி உலகத்தில் யாரும் எழுத வேண்டியதில்லை.

தொடக்கம் இரண்டு: "அவளுடைய சொந்தப் பெயர் மில்ட்ரெட் ஸ்டுப்கா. நெப்ராஸ்காவில் பன்றிப் பண்ணை. அப்பாவின் குடிப்பழக்கத்தால்"

இதுவும் வேண்டாம். பால்யத்தைத் தொட்டால் நீங்கள் அவளுக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். பன்றிப் பண்ணை இருந்தது உண்மை. அவள் அங்கே சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

தொடக்கம் மூன்று: "லெனோர் வேட் முதல் நாளே செத்துப்போனாள்."

இது சரி. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

லெனோர் வேட் முதல் நாளே செத்துப்போனாள். ஸ்டுடியோவில் படத்தை வரிசையாக எடுப்பது கிடையாது. எந்த செட் முதலில் காலியாக வேண்டுமோ அதில் நடப்பதை முதலில் எடுப்பார்கள். படுக்கையறையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் வேறொரு படத்துக்குக் கப்பல் கட்ட வேண்டியிருந்தது. அதனால் கதாநாயகி கல்யாணம் ஆவதற்கு முன்பே, காதலனைப் பார்ப்பதற்கு முன்பே, திங்கட்கிழமை காலையில் மண்டையைப் போட வேண்டும் என்று முடிவானது.

சாவதில் லெனோரை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் படத்துக்குக் கைக்குட்டையோடு வாருங்கள் என்றுதான் விளம்பரமே செய்வார்கள். இந்தத் தடவையும் குறை வைக்கவில்லை. கணவனின் கையைத் தேடும் விரல்கள் பாதி வழியில் தேடுவதை விட்டுவிடும். அவ்வளவுதான் செய்தாள். மேலே பரண் மேல் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள் மூக்கைச் சிந்தினார்கள். டைரக்டர் டன் 'கட்' சொல்லவே மறந்துபோனார்.

"இன்னொண்ணு எடுக்கலாமா?" என்று படுக்கையிலிருந்தபடியே கேட்டாள் லெனோர்.

"வேண்டாம்மா. இத விட நல்லா யாராலயும் சாக முடியாது."

"அப்ப எனக்கு ஒரு ஹாம் சாண்ட்விச் சொல்லுங்க" என்று எழுந்துகொண்டாள்.

[இந்த நேரத்தில் அவள் நாவலைப் படித்திருக்கவில்லை. யாருமே படித்திருக்கவில்லை. ஸ்டுடியோவில் புத்தகங்களைப் படிப்பதற்கென்று ஒரு துறை இருந்தது. அவர்கள் சுருக்கி டைப் அடித்துக் கொடுப்பதைத்தான் மற்றவர்கள் படிப்பார்கள்.]

மறு வாரம் விளம்பரப் பிரிவு அவளைப் புத்தகமும் கையுமாகப் புகைப்படம் எடுத்தது. எடுத்து முடித்ததும் வழக்கமாகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். லெனோர் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். விளக்குகளைச் சரிசெய்ய இவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒருத்தி நாவல் படிக்கலாம், சட்டமே படிக்கலாம்.

படித்து முடித்தாள். தான் செத்த இடத்தைத் தேடினாள், காணவில்லை. விளம்பரப் பிரிவுக்குப் போன் போட்டு, "இந்தப் புத்தகத்துல கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சு போயிருக்கு, வேற குடுங்க" என்றாள். முழுப் புத்தகம்தான் அது என்று அவர்கள் சொன்னதும் நேராகத் தயாரிப்பாளர் கெஸ்லரின் அறைக்குப் போனாள்.

4

"ஒர்தான்ஸ் சாகல மிஸ்டர் கெஸ்லர்."

"யாரு?"

"நான்தான். புத்தகத்துல நான் சாகல."

கெஸ்லர் கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அவர் ஒத்துழைக்க மறுக்கிறார். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார், காபி வரவழைத்தார்.

"கண்ணு, பிரான்ஸ்ல அவ சாக வேண்டாம். இங்க புருஷன விட்டுட்டுப் போனவ சாகணும், இல்லேன்னா மடத்துல சேரணும். நானா போட்டேன் அந்தச் சட்டத்த? தணிக்கை ஆபீஸ்ல உக்காந்திருக்கான் பாரு, அவன் போட்டது. மடத்துல சேத்துடலாம்தான், ஆனா அந்த முக்காடு உனக்குச் சேராது. காது பெருசு."

"கூட்டிட்டுப் போனானே ஆபீசர், அவன் சாகறானா?"

"அவனுக்கு அடுத்த படம் ரெடியா இருக்கு."

"கடைசியில ரொட்டி கேக்கறா. அதுல என்ன பாவம் இருக்கு?"

"அதுலதான் பாவமே இருக்கு. எல்லாத்தயும் பண்ணிட்டு, எனக்குப் பசிக்குதுங்கறா பாரு. பாக்கற பொம்பளைங்க வீட்டுக்குப் போய் என்ன யோசிப்பாங்க?"

லெனோர் காபியைத் தொடவில்லை. "சாவ எடுத்துட்டு ரொட்டிய வையுங்க" என்றாள்.

"நேத்து உன் சாவப் போட்டுப் பாத்தேன். என் பொண்டாட்டி அழுதா. எங்கம்மா செத்தப்பக்கூட அவ அழல."

"மறுபடி எடுக்கலாம்."

"எங்க எடுக்கறது? படுக்கையறை கப்பலாயிடுச்சு. நீ பிலிம் டப்பாக்குள்ள செத்துக் கெடக்கற கண்ணு. இனி நீயே நெனச்சாலும் பொழைக்க முடியாது."

நடிக்க மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஒப்பந்தப்படி வீட்டில் உட்கார வைப்பார்கள், உட்கார்ந்த காலத்தையும் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள், படத்தை வேறொருத்தியின் முதுகைக் காட்டி முடித்துவிடுவார்கள். லெனோர் இதையெல்லாம் அறிந்தவள். எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"ஒர்தான்ஸ உங்ககிட்டருந்து காப்பாத்தாம விடமாட்டேன்" என்றாள்.

"நான் ரசிகர்கள நம்பறவன்" என்றார் கெஸ்லர். "படம் வெளிய வர்றதுக்கு முன்னாடி ஜனங்களுக்கு முன்னோட்டமா போட்டுப் பாப்போம். உன் சாவப் பாத்து ஜனம் சிரிச்சா, நீ சொல்ற முடிவ நானே எடுத்துத் தரேன், தணிக்கைக்காரன நான் சமாளிச்சுக்கறேன். எழுதி வேணா தரட்டுமா?"

"வேண்டாம். உங்க வாய்வார்த்தை போதும்."

5

இங்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் காலத்து நடிகை ஒருத்தி, புத்தகத்தில் வாழும் ஒரு பிரெஞ்சுக்காரிக்காகத் தன் பிழைப்பைப் பணயம் வைப்பாளா? கோயம்புத்தூரில் சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் சாரங்கனுக்குப் போன் செய்து இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தானுங்க போகுது. கடைசில அந்த நடிகைய நெசமாலுமே சாக வெச்சுருங்க."

"எதுக்கு?"

"சும்மா ஒரு ஓட்டல் ரூம்ல, தனியா. கைல அந்த நாவலு. கனமா இருக்குமுங்க."

"அவளுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே."

"கதைக்கு வேணுமில்லீங்களா? சாகாம எப்படிங்க முடிக்கறது?"

கெஸ்லருக்குக் கோயம்புத்தூரிலும் கிளை இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நாம் மட்டும் யோக்கியமா? புருஷனை விட்டுப் போனவளை எத்தனை கதைகளில் கிணற்றில் தள்ளியிருக்கிறோம், எத்தனை படங்களில் குறுக்கே பாய்ந்து குண்டு வாங்க வைத்திருக்கிறோம். தள்ளிவிட்டு, எழுத்தாளரின் கருணை என்று நாமே மெச்சிக்கொள்கிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லெனோர் பணயம் வைப்பாளா என்ற சந்தேகம் அதோடு போய்விட்டது.

6

லெனோரின் திட்டம் எளிமையானது. காசநோயில் ஒருத்தி சாக வேண்டுமென்றால் முன்பே இரும வேண்டும். அங்கங்கே ஒரு இருமல், ஒரு மயக்கம், தட்டைத் தள்ளிவைப்பது. இவையெல்லாம் இனிமேல்தான் எடுக்க வேண்டிய காட்சிகளில் இருந்தன. அந்தச் சாவைத் தொட முடியாது, ஆனால் சாவுக்குப் போகிற வழியை அடைக்கலாம். நோயே இல்லாதவள் திடீரென்று செத்தால் ஜனம் சிரிக்கும்.

"இந்த இடத்துல இருமணும்" என்றார் டன்.

"வரமாட்டேங்குது."

"இருமல் வராதா? சும்மா தொண்டையக் கனைம்மா."

"நான் என்ன பண்றது டன், நல்ல காத்து."

மறுபடி எடுத்தார்கள். கணவன் "உனக்கு உடம்பு சரியில்லையே" என்று வசனம் பேசினான். லெனோர் கன்னம் சிவக்க, பண்ணையில் வளர்ந்த பெண்ணுக்குரிய கண்களோடு அவனைப் பார்த்தாள். கேமராக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு லென்ஸைத் துடைத்தார்.

பிறகு சாப்பாட்டுக் காட்சி. முன்னால் வைத்த கோழியை ஒரு வாய் தொட்டுவிட்டுத் தட்டை ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. லெனோர் ஒரு காலைப் பிய்த்துக் கடித்தாள். அதை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். எலும்பைச் சூப்பினாள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. செட்டில் வைக்கும் சாப்பாட்டைத் துணை நடிகர்கள் தின்றுவிடாமல் இருக்க மண்ணெண்ணெய் தெளித்துவைப்பது, செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஓலியின் வழக்கம். அவர் மூலையில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். டன் 'கட்' சொன்னதும் பக்கெட்டோடு ஓடிவந்தார்.

"மேடம், துப்புங்க. அதுல மண்ணெண்ணெய்."

"தெரியும்" என்றாள் லெனோர். விழுங்கிவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தட்டிகளுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள்.

[அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது. இவ்வளவு ருசியாக ஒரு மனுஷி கோழி தின்று நான் திரையில் பார்த்ததில்லை. மண்ணெண்ணெய் என் சேர்க்கை.]

கெஸ்லர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை. சத்தப் பிரிவைக் கூப்பிட்டு, வேண்டிய இடத்திலெல்லாம் இருமலைச் சேர்த்துவிடச் சொன்னார். அவசரத்தில் அவர்கள் கிடங்கில் கைக்குக் கிடைத்த இருமலை எடுத்து ஒட்டினார்கள். அது ஏதோ ஒரு போர்ப் படத்தில் ஒரு கிழட்டுத் தளபதி இருமியது.

7

முன்னோட்டம், கொஞ்சம் தள்ளியிருந்த ரிவர்சைட் என்ற ஊரில். என்ன படம் என்று சொல்லாமல் சும்மா 'ஸ்டுடியோ முன்னோட்டம்' என்று தியேட்டர் வாசலில் பலகை வைப்பார்கள். ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள், கடைக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள். படம் முடிந்ததும் ஆளுக்கொரு அட்டையும் ஒரு துண்டுப் பென்சிலும் கொடுப்பார்கள். பிடித்ததா, பிடிக்கவில்லையா, முடிவு எப்படி என்று அவர்கள் கிறுக்கிக் கொடுப்பதை ஸ்டுடியோக்காரர்கள் காரிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, மறுநாள் ஸ்டுடியோவில் படத்தின் தலையெழுத்தை மாற்றுவார்கள்.

லெனோர் கடைசி வரிசையில் கெஸ்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் இருமல் வந்தது. அழகான கழுத்தும் மூடிய உதடுகளுமாக நிற்கும் பெண்ணிடமிருந்து ஒரு தளபதி இருமினார். அரங்கம் ஒரு கணம் திகைத்தது, பிறகு யாரோ களுக்கென்றார்கள். இரண்டாவது இருமலுக்கு முன்வரிசைகள் காத்திருந்து சிரித்தன. அடுத்ததற்குப் பால்கனியிலிருந்து ஒருவன் பதிலுக்கு இருமினான். கெஸ்லர் இருட்டில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோழி தின்னும் காட்சியில் ஜனங்கள் கைதட்டினார்கள். ஒர்தான்ஸ் பிழைத்துவிட்டாள் என்றே லெனோர் நம்பிவிட்டாள்.

நானும் நம்பினேன். இங்கேயே முடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஜனங்கள் சிரிக்கிறார்கள், கெஸ்லர் தோற்கிறார், சூப்பும் ரொட்டியும் வருகின்றன, சுபம். ஆனால் நீங்கள் முதல் பகுதியைப் படித்துவிட்டீர்கள். தொலைக்காட்சியில் அவள் செத்தாள் என்று உங்களுக்குத் தெரியும்.

படுக்கையறை வந்தது. வெள்ளைத் துணி, மெழுகுவத்தி. ஒர்தான்ஸின் விரல்கள் கணவனின் கையைத் தேடின. பாதி வழியில் விட்டுவிட்டன.

சிரிப்புச் சத்தம் நின்றது. பால்கனி அடங்கியது. பிறகு மெல்ல, வரிசை வரிசையாக, மூக்கை உறிஞ்சும் சத்தம் கிளம்பியது. கைப்பைகள் திறந்தன. இருமலைக் கேலி செய்த அதே ஜனங்கள் விம்மி விம்மி அழுதார்கள். கெஸ்லர் திரும்பிப் பார்த்தார். லெனோரும் அழுதுகொண்டிருந்தாள். அவள் இத்தனை நாள் சண்டை போட்டது தணிக்கைக்காரனோடும் இல்லை, கெஸ்லரோடும் இல்லை. முதல் நாள் காலையில் தான் வஞ்சனையில்லாமல் செய்த வேலை வந்து தன்னை அடித்துப் போட்டதை அவள் பார்த்தாள். நொந்துபோனாள்.

"நான் சொன்னேனில்ல கண்ணு" என்றார் கெஸ்லர். குரலில் கிண்டல் இல்லை. "வா, பக்கத்துக் கதவு வழியா போயிடலாம். கார் நிக்குது."

விளக்குப் போடுவதற்கு முன் நட்சத்திரங்கள் பக்கத்துக் கதவு வழியாக நழுவிவிட வேண்டும். அப்போதுதான் திரையில் பார்த்த மயக்கம் கலையாது. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள்.

லெனோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு அழுகை வந்தா, அவ சாகணும்னு அர்த்தமா?" என்று கேட்டாள். அவள் பக்கத்துக் கதவுக்குப் போகாமல், வாசல் கூடத்துக்குப் போய் அட்டைகள் வைத்திருந்த மேசைக்கு முன்னால் எல்லா வெளிச்சத்திலும் நின்றாள்.

8

ஜனங்கள் சிவந்த கண்களோடு வெளியே வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இப்போதுதான் செத்தவள் கொழுகொழுவென்று நின்றுகொண்டிருந்தாள்.

பச்சைத் தொப்பி அணிந்த ஒரு பெண், கையில் பாதி எழுதிய அட்டையோடு, கிட்டே வந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்க செத்துட்டீங்களே."

"நல்லா செத்தேனா?"

"என்னால தாங்க முடியல."

"எனக்கும்தான். ஆனா அது பொய். புத்தகத்துல அவ சாகவே இல்ல. கடை வெச்சுப் பொழைக்கறா."

"புருஷன் வந்து கூட்டிட்டுப் போகலியா?"

"வரல. இவளும் எதிர்பாக்கல."

"ஒரு தடவகூடத் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லலியா?"

"இல்ல."

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள். 'அழுதேன், அருமை' என்று எழுதியிருந்தாள். அவள் கணவன் வாசலிலிருந்து, "எட்னா, வா போலாம், புள்ளைங்க காருல தூங்கிடுச்சு" என்று கூப்பிட்டான். அவள் அசையவில்லை. எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு அட்டையைத் திருப்பினாள். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கெஸ்லர் கூட்டத்துக்குள் வழி கேட்டுக்கொண்டு வந்தார்.

"அப்ப இதுல நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள் எட்னா.

லெனோர் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பேச விடவில்லை. அவள் சொல்லிக்கொடுத்து எட்னா எழுதினால் அது லெனோரின் முடிவு, நான் எழுதினால் என் முடிவு. இரண்டுக்கும் கெஸ்லர் ஒரு பதில் வைத்திருப்பார். படம் எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும். ரிவர்சைடில் அந்த அட்டைகளில் என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது, அவற்றைக் கெஸ்லர் காரிலேயே கிழித்தாரா என்றும் தெரியாது.

எட்னாவின் கையிலிருந்த அட்டையையும் பென்சிலையும் வாங்கி உங்களிடம் கொடுத்துவிட்டேன். ஒர்தான்ஸ் கடையை எப்படி நடத்தினாள், யாரோடு சிரித்தாள், மறுபடி காதலித்தாளா, வேண்டாம் என்று இருந்தாளா, எத்தனை ரொட்டி சாப்பிட்டாள், உங்கள் இஷ்டம். லெனோரை மறுநாள் என்ன செய்தார்கள் என்பதையும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். சாரங்கன், இது உங்களுக்கும்தான்.

அவளைக் கொல்ல நினைப்பவர்கள் அட்டையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம்.